மூக்கும் மக்கும்

என் கணவர் அரை நாளில் ஞானம் பெற்றவர். காலை பத்து மணிக்கு அவருடைய அலுவலகத்தில் 'பசுமை இல்லம், ஆரோக்கிய வாழ்வு' என்று ஒரு பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஒரு மணிக்குச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியபோது அவர் வேறு மனிதர். வண்டி உரிமம் வாங்க வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. பதினாறு வருடமாக யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, டோக்கனில் இருக்கிற எண்ணைத்தான் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவரை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு துணிப்பையைக் கொடுத்து, பூமியைக் காக்கும் பொறுப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று சொல்லிக் கைதட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். "இனிமே நாம பிளாஸ்டிக்கையே தொடப் போறதில்ல" என்றார்.

இந்த 'நாம' என்ற சொல்லை அவர் எப்படிப் பயன்படுத்துவார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் சேர்த்தி இல்லை. 'நாம்' என்றால் சொல்கிறவரும் கேட்கிறவரும் சேர்த்தி. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சொல்கிறவர் மட்டும் நழுவிக்கொள்ள, கேட்கிறவர் தலையில் மொத்தமும் விடிகிற மாதிரி ஒரு சொல் நம் மொழியில் இல்லை. என் கணவர் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தார். 'நாம துணியக் கையாலதான் துவைக்கணும்' என்றால் நான் துவைக்க வேண்டும். 'நாம காய்கறித் தோல அரை அங்குலமா நறுக்கித்தான் போடணும்' என்றால் நான் நறுக்க வேண்டும். 'நாம பாத்திரம் கழுவறதுக்குப் பழத்தோல் ஊறவச்ச தண்ணிதான்' என்றால் ஊற வைப்பதும் நான், தினமும் மூடியைத் திறந்து காற்று விடுவதும் நான், மறந்துபோன அன்று ஜாடி வெடித்துச் சுவர் முழுக்கத் தெறித்ததை ஏணி போட்டுத் துடைத்ததும் நான். அவர் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. போட்டிருந்தால் அது மக்கும் துரும்பா, மக்காத துரும்பா என்று எனக்கு ஒரு வகுப்பு எடுத்திருப்பார்.

பிளாஸ்டிக்கை ஒழிக்க முப்பது கண்ணாடி ஜாடிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் குமிழ் குமிழாக வீங்கிய பிளாஸ்டிக் தாளில் ஏழு சுற்று சுற்றி அனுப்பியிருந்தார்கள். எங்கள் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பொடிசு, மூன்று நாள் அந்தக் குமிழ்களை டப் டப்பென்று உடைத்து விளையாடினாள். வீட்டில் ஏற்கெனவே இருந்த டப்பாக்கள், பத்து வருடம் உடையாமல் உழைத்தவை, ஒரே சாயங்காலத்தில் குப்பைக்குப் போயின. இருக்கிறதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் பூமி எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன்.

"உனக்குப் புரியாதுடி, மக்கு" என்றார்.

மக்கு என்பது கல்யாணமான புதிதில் அவர் எனக்கு வைத்த பெயர். கொஞ்சலாகச் சொல்கிறாராம். பத்து வருடம் அதைக் கொஞ்சல் என்றே நானும் எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ளாவிட்டால் சண்டைதான் போட வேண்டும். பிறகு இரண்டு குப்பைத் தொட்டிகள் வந்தன. பச்சைத் தொட்டியில் 'மக்கும்', நீலத் தொட்டியில் 'மக்காதது'. அதை மட்டும் அவரே தூரிகை பிடித்து எழுதினார். நாலு பேர் கண்ணில் படுகிற வேலை அல்லவா. பச்சைத் தொட்டியை நான் தினம் தேய்த்துக் கழுவியதில் இரண்டே வாரத்தில் கடைசி எழுத்து அழிந்து, 'மக்கு' மட்டும் மிஞ்சியது. "பாரு, உங்கம்மா பேரு போட்ட தொட்டி" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பொடிசும் சிரித்தாள். அவர் சிரித்தது எனக்குப் பழகிப்போனது. அவள் சிரித்ததுதான் சுருக்கென்றது.

நான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். மாவு மூட்டைகள், ரொட்டி ஆறப்போடும் தட்டுகள், கிடங்கு அலமாரிகள், எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பது என் வேலை. பூசணம் கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், மூக்கு ஒழுங்காக இருந்தால். சோதனைக்கு அனுப்பினால் பதில் வர மூன்று நாள் ஆகும். எனக்கு மூன்று மூச்சு போதும். நான் கையைத் தூக்கினால் வரிசை நிற்கும். ஆறடி உயரமும் அதற்கேற்ற தொண்டையும் உள்ள எங்கள் சூப்பர்வைசர், யாருக்கும் அடங்காதவர், என் கை மேலே போனால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். "மூக்கு என்ன சொல்லுது?" என்பார். அங்கே என் பெயர் மூக்கு. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை மூக்கு. அதற்கு மேல் வீட்டுக்கு வந்தால் மக்கு. எழுதிப் பார்த்தால் ஒரு சுழிதான் வித்தியாசம்.

இனி, பொடிசின் அறை. மக்கும் குப்பையை உரமாக்கும் மூன்றடுக்குப் பானையை முதலில் பால்கனியில் வைத்தார். வெயிலில் உரம் காய்ந்துபோகிறது என்று அதைத் தூக்கிக் குழந்தை அறைக்குள் வைக்கச் சொன்னார், தூக்கி வைத்தேன். பிறகு செடிகள் வந்தன. செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று எங்கோ படித்துவிட்டார். நாலு செடி நல்லதென்றால் நாற்பது செடி பத்து மடங்கு நல்லது என்பது அவர் கணக்கு. நாற்பத்திரண்டு தொட்டிகள் அந்தச் சின்ன அறையில் ஏறி உட்கார்ந்தன, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே பொடிசு பக்கவாட்டில்தான் நடக்க முடியும். தெருவில் புகை என்று ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி வைத்து அடைத்தார். வெளியே தூசி என்று நான் கையால் துவைத்த துணிகளும் அங்கேயே கொடி கட்டிக் காய்ந்தன. காய்ந்தன என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். விடிந்து பார்த்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஓடும்.

கடைசியாக உறுதிமொழி வந்தது. கதவு அளவுக்கு ஒரு கைத்தயாரிப்புத் தாள். அதில் இருபது உறுதிமொழிகள், பச்சை மையில், அவர் கையெழுத்தில். பொடிசு கண் விழித்ததும் அதுதான் கண்ணில் பட வேண்டும் என்று அவளுடைய தலைமாட்டுச் சுவரில் ஒட்ட முடிவு செய்தார். ஒட்டும் நாடா பிளாஸ்டிக், ஆகவே பாவம். "நாம மாவுப் பசை காச்சுவோம்" என்றார். தொழிற்சாலையில் எங்களுக்குக் கொடுக்கிற ரொட்டி மாவை எடுத்து, கட்டி தட்டாமல் கிண்டி, ஒரு சட்டி நிறையக் கொடுத்தேன். சுவர் முழுக்க அவர் தூரிகையால் தடவினார். எனக்குத் தெரிந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே பசுமை வேலை அதுதான். அந்தச் சட்டியை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பொடிசு இரும ஆரம்பித்தாள். முதலில் காலையில் மட்டும் இருந்தது. பிறகு படி ஏறும்போதும் வந்தது. பிறகு அவள் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு விசில் கேட்டது. சனி, ஞாயிறு என் அக்கா வீட்டில் விட்டால் விசில் இல்லை. திங்கள்கிழமை திரும்பி வந்து தன் அறையில் படுத்தால் மறுபடி விசில். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ரொட்டியை எந்த அலமாரியில் வைத்தால் கெடுகிறதோ அந்த அலமாரிதான் கோளாறு.

அறைக்குள் நின்று முகர்ந்து பார்த்தேன். மண் வாசனை இருந்தது, ஈரத் துணி வாசனை இருந்தது, உரப்பானை வாசனையும் இருந்தது. அதற்கெல்லாம் அடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒன்றும் இருந்தது. கெட்டுப்போன மாவின் வாசனை. குழந்தை அறையில் மாவு எங்கிருந்து வரும்? கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், புத்தகப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், தின்னாமல் ஒளித்து வைத்த ரொட்டி ஓரம் ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியைக் குடைந்தேன். ஒன்றும் இல்லை.

"ஏங்க, இந்த ரூம்ல பூசண வாசனை அடிக்குது. செடியெல்லாம் வெளிய எடுத்துடலாம், ஜன்னலத் தொறந்து வைக்கலாம்" என்றேன்.

"அது மண் வாசனைடி, மக்கு. இயற்கை. நாள் பூரா ரொட்டிய மோந்து மோந்து உன் மூக்கு கெட்டுப் போச்சு. இதுல நீ மூக்க நுழைக்காத."

குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் பொடிசின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல நாய், பூனை இருக்கா? புகை பிடிப்பாங்களா? ஈரமான சுவர், பூசணம் ஏதாவது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர், "எங்க வீடு சுத்தமான பசுமை வீடு டாக்டர். காத்தச் சுத்தம் பண்ண நாப்பத்திரெண்டு செடி வச்சிருக்கோம்" என்று முந்திக்கொண்டார். "ரொம்ப நல்லது சார், எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எவ்வளவோ நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதினார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அங்கே நான் வாயை மூடியதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மூச்சு இழுக்கிற பம்ப் ஒன்றும், அதைப் பொருத்துகிற குழாய் ஒன்றும் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழந்தைக்கு எத்தனை வேளை என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"எவ்வளவு பிளாஸ்டிக் பாரு" என்றார்.

நான் அதைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் குடியிருப்புச் சங்கம் 'மாதிரிப் பசுமை இல்லம்' என்று ஒரு போட்டி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்களாம். முதல் பரிசு சான்றிதழ், அதோடு நுழைவாயில் பலகையில் படம். படம்! டோக்கன் கிழிக்கிறவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு வாரம் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. நாற்பத்திரண்டு செடிகளின் இலைகளை நாம் ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்தோம். எந்த 'நாம்' என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"பொடிசு ரூம்ல இருக்கறத மட்டும் எடுத்துடலாங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குது" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோயேன். அந்த ரூம்தான் நம்ம வீட்டோட ஹைலைட்டு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் பொடிசு அங்கே நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம்தானே என்று விட்டேன். ஒரு வாரம் என்பது பெரியவர்களுக்குத்தான் ஒரு வாரம். அவள் மூச்சுக்கு அது எத்தனை ஆயிரம் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். சங்கத் தலைவர், வழுக்கைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக. இரண்டாம் மாடியில் இருக்கிற பல் டாக்டரம்மா. படம் எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே நடமாடும் செயலாளர். என் கணவர் வாசலிலிருந்தே வகுப்பைத் தொடங்கிவிட்டார். கண்ணாடி ஜாடிகளைக் காட்டினார். மூங்கில் பிரஷ்களைக் காட்டினார், பல் டாக்டரம்மா ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். போர்வை போட்டு மூடி வைத்த துணி துவைக்கும் மெஷினைத் திறந்து காட்டி, "இதத் தொட்டு நாலு மாசம் ஆச்சு சார், எல்லாம் கையாலதான்" என்றார்.

"யார் கையால?" என்று பல் டாக்டரம்மா கேட்டார்.

"நாமளேதான்" என்றார் என் கணவர். நான் என் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை, காட்டியிருக்க வேண்டும்.

அடுத்து குப்பைத் தொட்டிகள். இதற்காகப் பொடிசுக்கு மூன்று நாள் ஒத்திகை நடந்திருந்தது. காய்கறித் தோல் மக்கும், பிளாஸ்டிக் மக்காதது. இவ்வளவுதான் வசனம். அழிந்துபோன எழுத்தைத் திரும்ப எழுத அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தலைவர் குனிந்து, குழந்தைகளிடம் பேசுவதற்கென்று வைத்திருக்கிற குரலில், "எங்க சொல்லு பாக்கலாம், இதுல எது எது?" என்று கேட்டார்.

பொடிசு பச்சைத் தொட்டியைப் படித்தாள். படிக்கத் தெரிந்த குழந்தை, எழுதியிருப்பதைத்தானே படிக்கும். "மக்கு, அம்மா" என்றாள். நீலத் தொட்டிக்குத் திரும்பினாள். கொஞ்சம் யோசித்து, "மக்காதது, அப்பா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, "பாத்தீங்களா சார், வீட்லயே தரம் பிரிச்சுட்டா" என்றார். பொடிசு தான் சரியாகச் சொன்னதாக நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு விஷமமும் இல்லை. நாளை இவள் வளர்ந்து பெரிய மனுஷியாகி, நான் ஏதாவது சொன்னால், உனக்குப் புரியாதும்மா என்று இதே சிரிப்போடு சொல்வாள் என்று தோன்றியது.

"உறுதிமொழி முன்னாடி குடும்பத்தோட ஒரு போட்டோ" என்றார் செயலாளர். எல்லோரும் பொடிசின் அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்தோம். நாங்கள் மூவரும் கட்டிலில் ஏறி, உறுதிமொழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தோம். நான்தான் சுவருக்கு மிகவும் பக்கத்தில். என் கணவர் நிமிர்ந்து, கன்னத்தை உள்ளே இழுத்துப் படத்துக்குத் தயாரானார். அந்த நேரத்தில் பொடிசு இருமினாள். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு நிற்கவே இல்லை. அவள் தோள்கள் காதுவரை ஏறின. உதடு வெளுத்தது. விசில் அறை முழுக்கக் கேட்டது, தலைவருக்கே கேட்டது.

"கொஞ்சம் சிரிம்மா, ஒரே ஒரு போட்டோ" என்றார் செயலாளர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கைப்பையைத் திறந்து பம்பை எடுத்துக் குழாயில் பொருத்தி, பொடிசை மடியில் சாய்த்து அவள் வாயில் வைத்தேன். சாய்த்தபோது என் முகம் சுவரோடு உரசியது. அடிமுனை சுருண்டு சற்றே விலகியிருந்த உறுதிமொழித் தாள் என் மூக்கிலிருந்து ஒரு விரல் தூரத்தில் இருந்தது. ஒரு மூச்சு இழுத்தேன். இரண்டாவது மூச்சு தேவைப்படவில்லை. மாவு! என் சட்டி, நான் கட்டி தட்டாமல் கிண்டிய என் மாவு.

என் கை தானாக மேலே போனது. தொழிற்சாலையில் போகிற அதே மாதிரி. அறையில் இருந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியாது, இருந்தாலும் வாயை மூடினார்கள். பொடிசின் மூச்சு கொஞ்சம் இறங்கும்வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு அவளைப் பல் டாக்டரம்மாவிடம் கொடுத்து, "வெளிய கூட்டிட்டுப் போங்க டாக்டர், ஹால் ஜன்னலத் தொறந்து விடுங்க" என்றேன். திரும்பி, உறுதிமொழியின் அடிமுனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஈரத் தாள், இருபது உறுதிமொழியும் சத்தமில்லாமல் வந்துவிட்டன.

சுவர் கறுத்திருந்தது. கறுப்பும் பச்சையுமாக, பஞ்சு மாதிரி. தூரிகை எங்கெங்கே போயிருந்ததோ அந்தத் தடம் பிசகாமல் மேலும் கீழுமாகப் பூத்திருந்தது. பொடிசின் தலையணையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். கட்டிலோடு ஒட்டிய இடத்தில் தலையணை உறையிலும் ஏறியிருந்தது. நாலு மாதப் பசுமை வாழ்வில் எங்கள் வீட்டில் செழிப்பாக வளர்ந்தது அது ஒன்றுதான்.

இந்த அறையைப் பார்த்து எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள் என்று என் கணவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்தார்கள். தலைவர் இரண்டு விரல் வைத்து இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

என் கணவர், "இதுவும் ஒரு வகைல... இயற்கைதானே சார்" என்றார்.

அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடிக்கவில்லை, அந்த மாவைக் காய்ச்சியவள் நான். எத்தனையோ மூட்டையைத் தள்ளிவிட்டவள், ஈரமும் மாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிறவள், என் குழந்தையின் தலைமாட்டில் அவர் பூசுவதற்கு நானே கிண்டிக் கொடுத்தேன். அவர் சொன்னார், செய்தேன். அந்த ஒரு விஷயத்தில் நான் மக்குதான். அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர்கள் அவசரமாகக் கிளம்பினார்கள். பல் டாக்டரம்மா மட்டும் பொடிசை என்னிடம் கொடுத்துவிட்டு, "இந்த ரூம்ல இனி படுக்க வைக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு செட் துணியும் பள்ளிக்கூடப் பையும் எடுத்தேன்.

"எங்க கிளம்பற? இரு, நாம இத நிதானமாப் பேசிக்கலாம்" என்றார்.

"நாம இல்லீங்க. நாங்க எங்க அக்கா வீட்டுக்குப் போறோம்."

"நாங்கன்னா?"

"நானும் பொடிசும். நீங்க சேர்த்தி இல்ல."

அக்கா வீடு மூன்று தெரு தள்ளி. அங்கே பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செடிகூடக் கிடையாது, ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். அக்கா பாயை உதறிப் போட்டாள். மூன்றாம் நாள் விசில் நின்றது. நான்காம் நாள் பொடிசு படிகளில் ஓடி ஏறினாள், நான் கீழே நின்று அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத மூச்சு எவ்வளவு நல்ல சத்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார்ந்து அழுதேன்.

அவர் தினமும் போன் செய்தார். முதல் நாள், "நாம எப்ப வீட்டுக்கு வர்றோம்?" என்று கேட்டார், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே. இரண்டாம் நாள், "நாம அந்தச் செவுத்த ஏதாவது பண்ணணும்" என்றார். மூன்றாம் நாள், போட்டியில் ஆறுதல் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். "நல்லா ஆணி அடிச்சு மாட்டுங்க" என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். அக்கா பொடிசைத் தொழிற்சாலை வாசலுக்குக் கூட்டி வந்தாள். என் வேலை முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்ததால் வாசல் காவலாளி அவர்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்திருந்தார். உள்ளே ஒரு தட்டு எனக்குச் சரியாகப் படவில்லை, கையைத் தூக்கினேன். வரிசை நின்றது. "மூக்கு சொல்லியாச்சு, எல்லாத்தையும் எறக்குங்க!" என்று சூப்பர்வைசர் கத்தினார். நாற்பது பேர் இறக்கினார்கள். திரும்பிப் பார்த்தால் பொடிசு கண்ணாடியில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் என் கணவர் போன் செய்தபோது பொடிசு அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீ தப்பா எழுதிட்ட. அது மக்கு இல்ல, மூக்கு. மானாவுக்குக் கீழ சுழி போடணும். எங்க மிஸ் பாத்தா உனக்கு எழுத்துப் பிழைனு போட்டு மார்க்கக் கொறைப்பாங்க."

நான் போனை வாங்கினேன்.

"செவுத்தச் சொரண்டிட்டேன்" என்றார். "செடிய எல்லாம் எறக்கிக் கீழ வச்சிட்டேன். ஜன்னல்ல இருந்த துணிய எடுத்துட்டேன். மெஷின்ல போட்டு அவ போர்வையத் துவைச்சேன். எந்த பட்டன்னு தெரியல, நாலு தடவ போட்டேன்."

எடுத்துட்டேன், வச்சிட்டேன், துவைச்சேன். நான் ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்துப் பார்த்தேன். 'ஓம்' என்று ஒன்றுகூட முடியவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவர் வாயில் நான் கேட்ட முதல் ஒருமை.

"வந்து மோந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பொடிசை அக்காவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். நடுவே இழுத்துப் போட்ட கட்டிலைத் தவிர அறை வெறுமையாக இருந்தது. ஜன்னல் வழியாகத் தெருச் சத்தமும் வெயிலும் வந்தன. அவர் கை விரல்களில் தோல் உரிந்திருந்தது, அதை அவர் புடவைக்குள் மறைக்க முடியாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் சுவரோரமாக மண்டியிட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முகர்ந்துகொண்டே போனேன். அவர் என் பின்னால், எங்கள் சூப்பர்வைசர் நிற்பாரே அப்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அவசரம் இல்லை. முகர்ந்த இடத்தையே மறுபடி முகர்ந்தேன்.

கட்டில் கால் இருந்த இடத்தில் நிறுத்தினேன். மூக்கு விஷயத்தில் நான் யாருக்காகவும் பொய் சொல்வதில்லை. கையைத் தூக்கினேன்.

"இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு. இந்த மூலைல."

அவர் குனிந்து, தன் மூக்கை அந்த மூலையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, முகத்திலேயே தெரிந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த 'மக்கு' அவர் உதடு வரைக்கும் பழக்க தோஷத்தில் வந்ததையும் பார்த்தேன்.

விழுங்கிவிட்டு, சுரண்டுகிற தகட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.